இத்தாலிக்கு 61, பூட்டானுக்குப் பூஜ்யம்

ஒவ்வோர் ஆண்டும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கூடிக் கலைந்த மறுநாள் நாளிதழ்களில் ஒரு தரவரிசை வந்துவிடுகிறது. 2025 ஜூலையில் பாரிசில் நடந்த 47-ஆவது கூட்டத்துக்குப் பிறகு அந்த வரிசையில் இத்தாலிக்கு 61 இடங்கள், சீனாவுக்கு 60, ஜெர்மனிக்கு 55, பிரான்சுக்கு 54, ஸ்பெயினுக்கு 50, இந்தியாவுக்கு 44. உலகம் முழுவதற்கும் சேர்த்து 170 நாடுகளில் 1,248 இடங்கள். அவற்றில் 972 பண்பாட்டுச் சின்னங்கள், 235 இயற்கை இடங்கள், 41 இரண்டும் கலந்தவை. போட்டித் தேர்வு வினாத்தாள் முதல் அமைச்சர்களின் வாழ்த்துச் செய்தி வரை இந்த எண்களே ஒரு நாட்டின் மரபுச் செல்வத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. எண்களில் பிழை ஏதும் இல்லை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு நாட்டுக்கு எத்தனை இடங்கள் என்ற கணக்கு, அந்நாட்டு அரசுக்கு விண்ணப்பம் தயாரித்து வாதாடி வெல்லும் வல்லமை எவ்வளவு என்பதையே முதன்மையாகக் காட்டுகிறது. இருப்பதைக் காக்கும் வல்லமை வேறு. அதை அளக்க வேண்டுமானால் சட்டத்தின் பிடி, பராமரிப்புக்கு ஒதுக்கும் பணம், காவலுக்கு நிற்கும் ஆட்கள், அந்த இடத்தோடு வாழும் மக்களின் உரிமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தரவரிசை பல இடங்களில் குலைந்துபோகும்.

இந்த ஏற்பாடு போட்டியாகத் தொடங்கவில்லை. எகிப்தில் அஸ்வான் உயர் அணை கட்ட முடிவானபோது நூபியாவின் பழங்கோயில்கள் நீரில் மூழ்கும் நிலை வந்தது. 1960-இல் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. அபு சிம்பெல் கோயில்களைப் பாறையிலிருந்து துண்டு துண்டாக அறுத்தெடுத்து, நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோய் 1968-க்குள் மறுபடி பொருத்தி நிறுத்தினார்கள். ஒரு நாட்டின் சொத்தைக் காக்கப் பல நாடுகள் பணம் கொடுத்த அந்த அனுபவமும், 1966-இல் வெனிசையும் ஃபுளோரன்சையும் மூழ்கடித்த வெள்ளமும் சேர்ந்து, 1972 நவம்பர் 16 அன்று உலகப் பாரம்பரிய உடன்படிக்கை உருவாக வழிசெய்தன. 1978-இல் முதல் பட்டியல் வெளியானபோது அதில் இருந்தவை 12 இடங்களே. ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகள், எத்தியோப்பியாவின் லாலிபெலா பாறைத் தேவாலயங்கள், அடிமை வாணிபத்தின் கொடுமைக்குச் சாட்சியாக நிற்கும் செனகலின் கோரே தீவு, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா ஆகியவை அவற்றில் அடங்கும். எத்தியோப்பியாவுக்கும் இரண்டு, அமெரிக்காவுக்கும் இரண்டு. இன்று முதலிடங்களில் இருக்கும் இத்தாலி, சீனா, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய நான்கில் ஒன்றுகூட அந்தப் பன்னிரண்டில் இல்லை. பிந்தைய அரை நூற்றாண்டில் இந்த நாடுகளின் மண்ணில் புதிதாக வரலாறு முளைத்துவிடவில்லை. மாறியது அவற்றின் அரசுகள் இந்தப் பட்டியலில் செலுத்திய கவனம்.

ஓர் இடம் பட்டியலில் ஏற வேண்டுமானால் அந்நாட்டு அரசு முதலில் அதை உத்தேசப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பிறகு எல்லை வரைபடம், உலகில் இதையொத்த மற்ற இடங்களோடு ஒப்பீடு, மேலாண்மைத் திட்டம் எல்லாம் அடங்கிய தடித்த ஆவணம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பத்து தகுதிகளில் ஒன்றாவது பொருந்தியாக வேண்டும். பண்பாட்டு இடமானால் இகோமோஸ் அமைப்பும், இயற்கை இடமானால் ஐ.யு.சி.என். அமைப்பும் ஆராய்ந்து பரிந்துரை செய்யும். கடைசி முடிவு 21 நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த குழுவின் கையில். இந்த வழியில் தேர்ந்த வரலாற்றாளர்களும் நில அளவையாளர்களும் தூதரகங்களும் உள்ள நாடு விரைவாக நடக்கும். இவை இல்லாத நாடு வாசலிலேயே நிற்கும். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் சேர்ந்து பட்டியலில் பாதியை நெருங்குவதும், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் இருப்பதும் இதனால்தான். 1994-இலேயே அந்தக் குழு இதை ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவும் கிறித்தவமும் பழைய நகரங்களும் அளவுக்கு மீறி இடம்பெற்றிருக்கின்றன, வாழும் மரபுகள் விடுபட்டுள்ளன என்று சொல்லிப் புதிய உத்தி ஒன்றை வகுத்தது. இப்போது ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு விண்ணப்பம் மட்டுமே அனுப்பலாம். நல்ல விதிதான். ஆனாலும் ஆண்டுதோறும் தன் வாய்ப்பைத் தவறாமல் பயன்படுத்தும் வலுவுள்ள நாடுகளே முன்னே போகின்றன. விதி வேகத்தைக் குறைத்தது, இடைவெளியை மூடவில்லை. நிபுணர்களின் சொல்லும் எப்போதும் நிற்பதில்லை. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் பரிசீலனைக்கு வந்தபோது, விண்ணப்பத்தைத் திருத்தி எழுதிவர ஒத்திவைக்கலாம் என்றே ஐ.யு.சி.என். பரிந்துரைத்தது. குழு அதை மீறி அந்த ஆண்டே சேர்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாதுகாப்புக்குரிய நிபந்தனைகளை வலியுறுத்தும் வாய்ப்பு அன்று கைநழுவியது.

இத்தாலியும் சீனாவும் உண்மையிலேயே செழிப்பான நாடுகள்தானே, பட்டியல் அதைத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரோமும் ஃபுளோரன்சும் ரவென்னாவின் மொசைக் ஓவியங்களும் இருக்கும் நாட்டை வேறெப்படிச் சொல்வது? சீனா 1985-இல் உடன்படிக்கையில் சேர்ந்து, 1987-இல் பெருஞ்சுவரையும் மற்றும் சில இடங்களையும் பட்டியலில் ஏற்றி, நாற்பது ஆண்டுகளுக்குள் 60-ஐ எட்டியது பெரும் உழைப்பு. 2021-இல் அது ஏற்றிய சுவான்ஜோ துறைமுக நகரம் தமிழர்களுக்கும் நெருக்கமானது. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. பட்டியலில் சேர்ந்த 22 பகுதிகளில் ஒன்றான கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில், இடிந்துபோன இந்துக் கோயில் ஒன்றின் சிற்பத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. கடல் கடந்து போன வணிகர்களின் சுவடு சீனத்தின் பெயரில் உலகச் சொத்தாகியிருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கேள்வி வேறு. பொலோனா நகரின் தூண் தாழ்வாரங்களும் புரோசெக்கோ மது விளையும் குன்றுகளும் ஏறிய பட்டியலில், அவற்றுக்குச் சற்றும் குறையாத எத்தனையோ இடங்கள் ஆவணம் எழுத ஆளில்லாமல் வெளியே நிற்கின்றன. எனவே முன்னணி நாடுகளின் எண், அவற்றின் செல்வத்துக்குச் சான்றாகலாம். மற்ற நாடுகளின் சிறிய எண் அவற்றின் வறுமைக்குச் சான்றாகாது.

முதலிடத்து நாடு தன்னிடம் இருப்பதைக் காக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலிய அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு நாட்டின் நிலக்காட்சியையும் கலை மரபையும் காப்பது குடியரசின் கடமை என்கிறது. இவ்வளவு உறுதியான சட்டத்துக்கு நடுவில், 2010 நவம்பர் 6 அன்று பொம்பேயி நகரின் வீரர் மண்டபம் என அறியப்பட்ட கட்டடம் இடிந்து விழுந்தது. எரிமலையோ நிலநடுக்கமோ காரணமில்லை, மழைநீர். பொம்பேயியில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில் இருக்கிறது. தோண்டிய தெருவுக்கும் தோண்டாத மண்மேட்டுக்கும் நடுவே பழைய சுவர்கள் தடுப்புச் சுவர்களைப் போல நிற்கின்றன. வடிகால் இல்லாத மண்மேடு மழையில் ஊறிக் கனத்துச் சுவரைத் தள்ளுகிறது. 1943-இல் குண்டுவீச்சில் சிதைந்த அந்த மண்டபத்தின் மேல் பின்னர் போட்ட கான்கிரீட் கூரையின் பாரமும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த இடத்தில், வாய்க்கால் வெட்டவும் ஓடு மாற்றவும் நிரந்தரக் கொத்தனார்கள் போதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 10.5 கோடி யூரோ செலவில் பெருந்திட்டம் வந்த பிறகே மண்சரிவுகள் சீர்செய்யப்பட்டு வடிகால்கள் அமைந்தன. வெனிசின் கதை இன்னும் கவலைக்குரியது. 1951-இல் அதன் பழைய நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண் 50,000-க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் சுற்றுலா விடுதிகளாகின்றன. பள்ளியும் மருந்துக்கடையும் மூடப்படுகின்றன. 2021-இலும் 2023-இலும் வெனிசை, அழியும் நிலையில் உள்ள இடங்களுக்கென யுனெஸ்கோ வைத்திருக்கும் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரை வந்தது. முதல் முறை பெரிய சொகுசுக் கப்பல்களுக்குத் தடை போட்டு இத்தாலி தப்பியது. இரண்டாம் முறை குழுவே பரிந்துரையை ஏற்கவில்லை. பகல்நேரப் பயணிகளிடம் கட்டணம் வாங்குவதால் மட்டும் காலி வீடுகளுக்கு ஊர்க்காரர்கள் திரும்பி வந்துவிட மாட்டார்கள்.

இப்போது காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பார்ப்போம். அதற்கு ஐந்தே இடங்கள், ஐந்தும் இயற்கை இடங்கள். விருங்கா, கரம்பா, கஹுசி-பியேகா, சலோங்கா, ஒகாபி காப்பகம். உயிரின வளத்தில் இவற்றுக்கு ஈடு சொல்லக்கூடிய நாடுகள் மிகச் சில. 1999-க்கும் 2021-க்கும் இடையில் இந்த ஐந்துமே ஒருசேர ஆபத்துப் பட்டியலில் இருந்தன. 2021-இல் சலோங்கா மட்டும் வெளியே வந்தது. 1925-இல் நிறுவப்பட்ட விருங்கா, மலைக் கொரில்லாக்களின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. 1994-இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு எல்லை தாண்டி வந்த பல லட்சம் அகதிகள் அடுப்பெரிக்க அந்தக் காட்டைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு எரிபொருள் கொடுக்காத உலகத்தைத்தான் சொல்ல வேண்டும். அன்று முதல் ஆயுதக் குழுக்களோடு போராடி இதுவரை 200-க்கும் மேற்பட்ட விருங்கா வனக்காவலர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 12 காவலர்கள் கொல்லப்பட்டார்கள். கரம்பாவில் வாழ்ந்த வடபுல வெள்ளைக் காண்டாமிருகம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே கண்ணில் படாமல் போய்விட்டது. உடன்படிக்கையின் நிதிக்கு ஓர் உறுப்பு நாடு கட்டாயமாகச் செலுத்த வேண்டிய தொகை, அது யுனெஸ்கோவுக்குச் செலுத்தும் வழக்கமான சந்தாவில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அபு சிம்பெல் காலத்து மனநிலையில் பிறந்த உடன்படிக்கையின் பையில் இருப்பது இவ்வளவுதான். மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று அறிவித்துவிட்டு, அதன் காவலை உலகின் மிக ஏழ்மையான அரசு ஒன்றின் தலையில் விட்டிருக்கிறோம். 61-க்கும் 5-க்கும் இடையிலான வேறுபாட்டை இந்தக் காவலர்களின் முகத்துக்கு நேரே நின்று தரவரிசையாகப் படிக்க யாருக்கும் மனம் வராது.

பட்டியல் பயனற்றது என்று நான் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது காப்பாற்றிய இடங்கள் உண்டு. 1982 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியக் காட்டுப்பகுதி பட்டியலில் சேர்ந்தது. அதன் நடுவே ஓடும் பிராங்க்ளின் ஆற்றைப் பாதிக்கும் அணை ஒன்றை மாநில அரசு கட்டத் தொடங்கியிருந்தது. மத்திய அரசு உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டி 1983-இல் தனிச் சட்டம் இயற்றியது. மாநிலம் வழக்குக்குப் போனது. உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அணைப் பணி நின்றது, ஆறு பிழைத்தது. இதற்கு நேர்மாறாகத் தான்சானியாவின் செலூஸ் காப்பகம் 1982-இலேயே பட்டியலில் சேர்ந்தும், 2012-இல் யுரேனியம் சுரங்கத்துக்காக அதன் எல்லை மாற்றப்பட்டது. பிறகு அதே காட்டுக்குள் ருபீஜி ஆற்றில் மாபெரும் அணையும் எழுந்தது. இரண்டு இடத்துக்கும் பட்டியல் ஒன்றே. ஓரிடத்தில் அதைப் பற்றிக்கொள்ள உள்நாட்டுச் சட்டமும், அந்தச் சட்டத்தை நிலைநாட்ட நீதிமன்றமும், அதற்கு முன்பே ஆற்றங்கரையில் மறியல் செய்து கைதான மக்களும் இருந்தார்கள். மின்சாரத்துக்கு ஏங்கும் தான்சானியாவின் தேவையை அலட்சியமாகப் பேசவும் கூடாது. வளர்ந்த நாடுகள் தங்கள் ஆறுகளையெல்லாம் தேக்கி முடித்த பிறகே காப்பைப் பற்றிப் பேசின என்ற குறையில் உண்மை இருக்கிறது. அதனால்தான் காக்கும் செலவை உலகம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற வாதம் வலுப்பெறுகிறது.

தண்டனை என்று வரும்போதும் இந்த ஏற்பாடு தயங்குகிறது. இதுவரை முழுமையாக நீக்கப்பட்டவை மூன்றே இடங்கள். 2007-இல் ஓமன் தன் அரேபிய ஓரிக்ஸ் மான் காப்பகத்தின் பரப்பை 90 சதவீதம் குறைத்ததால் அது போனது. 2009-இல் எல்பே ஆற்றின் குறுக்கே நான்குவழிப் பாலம் கட்டியதால் ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு போனது. 2021-இல் துறைமுகக் கரையில் எழுந்த புதிய கட்டடங்களால் இங்கிலாந்தின் லிவர்பூல் போனது. அதே 2021-இல் பவளங்கள் அடுத்தடுத்து வெளுத்துவந்த ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரை வந்தபோது, ஆஸ்திரேலிய அரசு நாடு நாடாக ஆதரவு திரட்டி அதைத் தவிர்த்தது. தாஸ்மேனியாவைக் காக்க உடன்படிக்கையைக் கையிலெடுத்த அதே நாடு! ஆபத்துப் பட்டியல் உதவி கேட்கும் வழியாக இருக்க வேண்டியது. அவமானப் பலகையாகிவிட்டதால் பணமும் செல்வாக்கும் உள்ள நாடுகள் அதில் ஏறாமல் தப்பிக்கின்றன, மற்றவை ஏறுகின்றன.

காப்பது என்றால் என்ன என்பதை மாலி நாட்டின் ஜென்னே ஊரில் தெளிவாகக் காணலாம். 1907-இல் இன்றைய வடிவில் கட்டப்பட்ட அதன் பெரிய பள்ளிவாசல் முழுக்க மண்ணால் ஆனது. ஒவ்வொரு மழைக்காலமும் அதன் மேற்பூச்சைக் கரைத்துவிடும். ஆண்டுதோறும் ஊரே கூடிப் புதுப் பூச்சு பூசுகிறது. ஆற்று வண்டலில் நெல் உமியைக் கலந்து நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிடுகிறார்கள். இளைஞர்கள் கூடைகளில் சேறு சுமந்து ஓடிவர, பரம்பரைக் கொத்தனார்கள் மேற்பார்வை செய்கிறார்கள். சுவரில் வரிசையாகத் துருத்தி நிற்கும் பனைமரக் கழிகள் அழகுக்காக மட்டும் வைத்தவையல்ல. பூச ஏறுவோருக்கு அவையே சாரம். கல்லை மனதில் வைத்து எழுதப்பட்ட ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இப்படி ஆண்டுதோறும் புதிதாகும் கட்டடம் நெடுங்காலம் பிடிபடவில்லை. மரக் கோயில்களைப் பிரித்துச் சீர்செய்து பேணும் ஜப்பானில், 1994-இல் நாரா ஆவணம் எழுதப்பட்ட பிறகே ஒவ்வொரு பண்பாட்டின் வழியும் அதனதன் அளவில் மதிக்கப்பட வேண்டும் என்ற நிலை வந்தது. 2012-இல் மாலியின் திம்புக்துவில் ஆயுதக் குழுக்கள் இடித்துத் தள்ளிய ஞானியர் கல்லறைகளை 2015-க்குள் மீண்டும் எழுப்பியவர்களும் உள்ளூர்க் கொத்தனார்களே. ஜென்னே இன்று ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. அங்கே பூசும் கைகளுக்குக் குறைவில்லை. நாட்டில் அமைதி இல்லை.

மக்களை வெளியேற்றிவிட்டு இடத்தைக் காப்பதும் உண்டு. காங்கோவின் கஹுசி-பியேகா பூங்காவிலிருந்து 1970-களில் பட்வா பழங்குடியினர் விரட்டப்பட்டார்கள். அவர்களுக்கு இழைத்தது அநீதி என்று ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் தீர்ப்பு 2024-இல்தான் வெளியானது. நம் பக்கத்திலும் ஹம்பியில் விருபாட்சர் கோயில் முன்னுள்ள பழைய கடைத்தெரு மண்டபங்களில் குடியிருந்தவர்களின் வீடுகள் 2011-இல் இடிக்கப்பட்டன. ஆக்கிரமிப்பை அனுமதித்தால் சின்னமே அழியும் என்று அதிகாரிகள் சொல்வது முழுக்கத் தவறில்லை. ஆனால் மாற்று வாழ்வுக்கு வழி செய்யாமல் ஒரே காலையில் இயந்திரங்களை அனுப்பினால், அந்தக் கற்களின் மேல் ஊராருக்கு இருந்த உரிமையுணர்வும் சேர்ந்து இடிகிறது. பிறகு காவலுக்குச் சம்பளக்காரர் மட்டுமே மிஞ்சுவார்.

பட்டியலில் ஓர் இடம்கூட இல்லாத பூட்டானையும் பார்க்க வேண்டும். நிலப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் எக்காலத்துக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008-இல் ஏற்ற அரசியலமைப்பில் எழுதி வைத்த நாடு அது. இன்று அங்கே காடு அந்த அளவையும் தாண்டி நிற்கிறது. நாட்டில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதி. சிறிய நாடு, குறைந்த மக்கள், நீர்மின்சாரம் விற்ற வருவாய், ஆகவே எளிது என்று சொல்லலாம். ஓரளவு சரி. நேபாளி பேசும் குடிமக்கள் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்ட கறையும் அந்நாட்டின் வரலாற்றில் இருக்கிறது. ஆகவே பூட்டானை எல்லாவற்றுக்கும் முன்மாதிரியாக நான் நிறுத்தவில்லை. ஆயினும் உலகத் தரவரிசையில் பூஜ்யம் வாங்கிய நாடு இயற்கை மரபைக் காப்பதில் முன்வரிசையில் நிற்கிறது என்றால், அந்தத் தரவரிசை எதை அளக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

இந்தக் கேள்வியை இந்தியாவிடமே முதலில் கேட்க வேண்டும். மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில், மேற்குத் தொடர்ச்சி மலை என்று தமிழ்நாட்டின் பங்கும் அடங்கிய 44-இல் கடைசியாகச் சேர்ந்தவை மராட்டியர் கோட்டைகள். மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு நம் செஞ்சிக் கோட்டையும் அதில் உண்டு. 1677-இல் சிவாஜி கைப்பற்றியதும், பின்னர் அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையைப் பல ஆண்டுகள் தாங்கியதும் அதன் புகழுக்குரிய பக்கங்கள். ஆனால் அதற்கு முன்பே கோனார்களும் விசயநகர நாயக்கர்களும் எழுப்பி வளர்த்த கோட்டை அது என்பதை அங்குள்ள அறிவிப்புப் பலகைகள் மறக்கக் கூடாது. அதைவிடப் பெரிய கவலை, பட்டியலுக்கு வெளியே இருப்பவை. 2022-இல் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தவை 3,693 சின்னங்கள். அவற்றில் 50 காணாமல் போய்விட்டன என்று அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது. 14 நகர வளர்ச்சியில் அழிந்தன, 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கின, 24 எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. தலைநகர் டெல்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டமும் அவற்றில் ஒன்று. அபு சிம்பெல் மூழ்கக் கூடாது என்று தொடங்கிய இயக்கத்தில் உறுப்பு நாடான நாம், பன்னிரண்டு சின்னங்களை நீரில் விட்டிருக்கிறோம். அதே அறிக்கையின்படி அன்று 248 இடங்களில்தான் காவலர்கள் இருந்தார்கள். மற்றவற்றுக்குப் பணம் இருக்கவில்லை. பட்டியலில் ஏறிய இயற்கை இடத்திலும் இதே அலட்சியம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011-இலேயே அறிக்கை தந்தது. அங்கே சூழல் உணர்திறன் பகுதியை வரையறுக்கும் அரசின் ஆறாவது வரைவு, வயநாட்டில் மலை சரிந்து ஊர்களைப் புதைத்த மறுநாள், 2024 ஜூலை 31 தேதியிட்டு வெளியானது. வரைவுக்கு மேல் வரைவு போடும் இந்த வழக்கத்தை நிறுத்தி இறுதி அறிவிக்கையை வெளியிட வேண்டும்.

புதிய இடம் ஒன்று உலகப் பட்டியலில் ஏறியதாக அரசு அறிவிக்கும் நாளிலேயே, பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் எத்தனைக்குக் காவலர் போடப்பட்டிருக்கிறார், காணாமல் போன ஐம்பதில் எத்தனை தேடிக் கண்டுபிடிக்கப்பட்டன, பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவானது என்ற கணக்கையும் வெளியிட வேண்டும். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி இந்தக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் உள்ள பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பெயரையும் அதில் குறிப்பிடுங்கள்.